பெட்ரோல் பம்ப்செட்டை சர்வீஸுக்கு விடுகிறவர்கள் கவனிக்கவும்

வாய்க்கால் தண்ணீரை நாற்றங்காலுக்கு இறைக்கச் சின்னப் பெட்ரோல் இன்ஜின் வைத்திருப்பவர்கள் இதைத் தயவுசெய்து படியுங்கள். மன்னார்குடிப் பக்கம் ஒரு கடையில் எனக்கு நடந்தது இது.

குறுவைக்கு முன்பு என் 163 சிசி இன்ஜினை முழு சர்வீஸுக்கு விட்டேன். ஆயில் ஒரு லிட்டர், புது பிளக், ஏர் ஃபில்டர், கார்புரேட்டர் சுத்தம், கூலி என்று 1,850 ரூபாய்க்கு பில் போட்டார்கள். நாற்று வாடுகிற நேரத்தில், ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் நின்றுவிட்டது. கை ஓயும்வரை கயிறு இழுத்தும் பிடிக்கவில்லை. அதே கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் கயிற்றை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, "பிஸ்டன் ரிங் போய்விட்டது சார். சிலிண்டரைக் கடைந்து போர் வேலை பார்க்க வேண்டும், ஏழாயிரம் ஆகும்" என்றார்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. எங்கள் ஊரில் ஸ்ப்ரேயர் பழுது பார்க்கும் தம்பியிடம் கொண்டுவந்தேன். அவர் இன்ஜினைச் சமதரையில் வைத்து ஆயில் மூடியைக் கழற்றினார். மூடியோடு வரும் ஆயில் அளவுக் குச்சியின் நுனியில் மட்டும் தார் மாதிரி ஒரு பிசுக்கு. என் இன்ஜினில் ஆயில் குறைந்தால் பிளக்குக்குப் போகும் கரண்டை நிறுத்திவிடும் சென்சார் இருக்கிறது, தீப்பொறியே வராது. பழைய ஆயிலை வடித்துப் புது ஆயில் ஊற்றியதும் இன்ஜின் எடுத்துக்கொண்டது. ரிங்குக்கு ஒரு குறையும் இல்லை.

பிறகு ஏர் ஃபில்டர் மூடியைத் திறந்தார். போன தாளடியின் வைக்கோல் தூசு ஸ்பாஞ்சில் அப்படியே அப்பிக் கிடந்தது. உள்மூலையில் குளவி கட்டிய மண்கூடுகூட உடையவில்லை. பிளக்கின் அறுகோணத்தில் துரு ஏறியிருந்தது, ஸ்பானர் பட்ட தடமே இல்லை. நான் பணம் கொடுத்த வேலையில் ஒன்றைக்கூட அவர்கள் செய்யவில்லை. இந்த அளவு இன்ஜின் குடிக்கும் ஆயிலே சுமார் 600 மில்லிதான், பில்லிலோ ஒரு லிட்டர்! ஏழாயிரத்துக்குத் தலையாட்டியிருந்தால் நல்ல பிஸ்டனையும் கழற்றி எடுத்திருப்பார்கள். சென்சார் இல்லாத இன்ஜினாக இருந்திருந்தால் ஆயில் வற்றி உள்ளேயே இறுகிப்போயிருக்கும். அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

புது இன்ஜினுக்கு முதல் 20 மணி நேரத்தில் ஆயில் மாற்ற வேண்டும். அதன்பின் 100 மணி நேரம் அல்லது ஆறு மாதத்துக்கு ஒரு முறை. இன்ஜின் சூடாக இருக்கும்போது வடித்தால் கசடு முழுவதும் இறங்கும். ஏர் ஃபில்டரை 50 மணி நேரத்துக்கு ஒரு தடவை கழுவலாம். கதிரடிக்கும் களத்துப் பக்கம் ஓடினால் அதற்கும் முன்பே. பிளக் முனைகளுக்கு இடையே இடைவெளி 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர். பருவம் முடிந்து ஓரம் கட்டும்போது டேங்க்கையும் கார்புரேட்டர் கிண்ணத்தையும் காலி செய்துவிடுங்கள். இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது, அது ஈரத்தை இழுக்கும். தேங்கிய பெட்ரோல் பிசினாகி, கார்புரேட்டரில் பெட்ரோல் போகும் சின்னத் துளையான ஜெட்டை அடைக்கும். இவ்வளவுக்கும் ஒரு ஸ்பானர் செட் போதும்.

கடையில்தான் விடுவதென்றால் கூடவே நில்லுங்கள். கழற்றிய பிளக்கையும் ஃபில்டரையும் கையில் கேட்டு வாங்குங்கள், மிச்ச ஆயில் டப்பாவையும் விடாதீர்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன், மறுத்துவிட்டார்கள். பில்லும் குளவிக்கூட்டின் படமும் கையில் இருக்கின்றன. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன்.