கூகுள் ஷீட்ஸில் பார் சார்ட்: நாள்பட்ட பயன்பாட்டில் தெரியவருபவை

கூகுள் ஷீட்ஸ் என்ற இணைய விரிதாள் செயலியில் ஒரு பார் சார்ட் (பட்டை வரைபடம்) போட அரை நிமிடம் போதும். அட்டவணையைத் தேர்ந்தெடுத்து 'இன்சர்ட்' மெனுவில் 'சார்ட்' என்பதைச் சொடுக்கினால் படம் வந்துவிடும். வலப்பக்கம் 'சார்ட் எடிட்டர்' திறக்கும். அதில் 'செட்டப்', 'கஸ்டமைஸ்' என்று இரண்டு பகுதிகள். வந்த படம் சரியானதுதானா என்பது வேறு விஷயம். எந்த வகைப் படம், எந்த நெடுவரிசை பெயர், எது எண், அளவுகோல் எங்கே தொடங்க வேண்டும் என எல்லாவற்றையும் செயலி தானே ஊகித்துக்கொள்கிறது. பல நேரம் அந்த ஊகம் சரியாகவே இருக்கும். தவறும்போது எந்த எச்சரிக்கையும் வராது என்பதுதான் சிக்கல்.

முதலில் வகையைப் பார்த்துவிடலாம். ஷீட்ஸில் 'பார் சார்ட்' என்றால் படுக்கைவாட்டில் நீளும் பட்டைகள். நிமிர்ந்து நிற்கும் பட்டைகள் வேண்டுமானால் 'காலம் சார்ட்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். செயலி பெரும்பாலும் நிமிர்ந்ததையே முதலில் தரும். மாதம், ஆண்டு போலக் காலவரிசை இருந்தால் அது சரி. துறைப் பெயர்கள், கேள்வித்தாள் பதில்கள், பொருட்பெயர்கள் என்று வந்தால் படுக்கைப் பட்டைக்கு மாற்றிவிடுங்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. நிமிர்ந்த பட்டையின் அடியில் அவை சாய்ந்துவிடும், இல்லாவிட்டால் பாதியில் வெட்டுப்படும். 1786-இல் புள்ளிவிவரப் படங்களின் முன்னோடியான வில்லியம் பிளேஃபேர் ஸ்காட்லாந்தின் ஏற்றுமதி இறக்குமதியை 17 நாடுகளுக்குப் பட்டைகளாக வரைந்தபோதும் அவை படுக்கையாகத்தான் இருந்தன. நாடுகளின் பெயர்களைத் தலையைச் சாய்க்காமல் படிக்க முடிந்தது.

படுக்கைப் பட்டையிலும் பெயர் வெட்டுப்பட்டால் எழுத்தளவைக் குறைக்க அவசரப்பட வேண்டாம். சார்ட்டுக்குள் பட்டைகள் இருக்கும் பரப்பைச் சொடுக்கி, அதன் இடது விளிம்பை வலப்பக்கமாக இழுத்தால் பெயர்களுக்கு இடம் கிடைக்கும். இந்த வசதி இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை.

சார்ட்டில் தெரியும் பிழைகளில் பெரும்பங்கு அட்டவணையில் பிறந்தவை. முதல் நெடுவரிசையில் பெயர், இரண்டாவதில் எண், முதல் வரியில் தலைப்பு. இதற்கு மேல் எதுவும் வேண்டாம். இணைத்த செல்கள் (கட்டங்கள்), நடுவில் வெற்று வரி, கடைசியில் 'மொத்தம்' என்ற வரி மூன்றும் கெடுதல். மொத்த வரியையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்துவிட்டால் ஒரே ஒரு ராட்சதப் பட்டை மட்டும் நீண்டு, மற்றவை எல்லாம் குச்சிகளாகிவிடும்.

பட்டையே வராமல் பெயர்கள் மட்டும் தெரிகிறதா? எண்கள் எழுத்தாகச் சேமிக்கப்பட்டிருக்கின்றன. எண் செல்லின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்பக்கம் ஒட்டும். நாமாகச் சீரமைப்பு எதுவும் செய்யாதிருந்தால் இந்த ஒரு பார்வையே போதும். ஐயமிருந்தால், எண்தானா என்று சொல்லும் 'ஐஎஸ்நம்பர்' சார்பை (ஃபங்ஷன்) போட்டுப் பாருங்கள். வழக்கமான காரணம், '25 கிலோ' என்று அலகையும் சேர்த்துத் தட்டச்சு செய்வது. செல்லில் 25 மட்டும் இருக்கட்டும். 'கிலோ' என்ற சொல்லை 'ஃபார்மேட்' மெனுவின் தனிப்பயன் எண் வடிவத்தில் சேர்த்தால் கண்ணுக்குத் தெரியும், கணக்கையும் கெடுக்காது. இணையப் பக்கத்திலிருந்து ஒட்டிய எண்களில் ஒளிந்திருக்கும் இடைவெளியும் இதே வேலையைச் செய்யும். கோப்பு எந்த நாட்டு வழக்கப்படி எண்களைப் படிக்க வேண்டும் என்று சொல்லும் 'லொகேல்' அமைப்பு தசமத்துக்குக் காற்புள்ளி வைக்கும் நாட்டுக்கு இருந்தால் 12.5 என்று நீங்கள் அடிப்பது எண்ணாக எடுபடாமல் போகலாம். அதை 'ஃபைல்' மெனுவின் 'செட்டிங்ஸ்' பகுதியில் மாற்றலாம்.

இதற்கு நேர் எதிரான தொல்லை ஆண்டுகள். 2021, 2022, 2023 என்பவை நமக்குப் பெயர்கள், செயலிக்கு எண்கள். அதனால் அவற்றுக்கும் பட்டை போட்டுவிடும். விற்பனை 40, 55, 60 என்று இருக்க, பக்கத்திலேயே இரண்டாயிரம் உயரத்தில் இன்னொரு பட்டை நிற்கும். 'செட்டப்' பகுதியில், பட்டையாகும் எண் நெடுவரிசைகளைக் காட்டும் 'சீரிஸ்' பட்டியலிலிருந்து ஆண்டை நீக்கி, அதை அச்சு (ஆக்சிஸ், பெயர்கள் நிற்கும் கோடு) இடத்தில் வையுங்கள். 'யூஸ் காலம் ஏ ஆஸ் லேபிள்ஸ்' என்ற பெட்டி கண்ணில் பட்டால் அதில் டிக் செய்தாலே போதும்.

ஒரே பெயர் பல வரிகளில் வந்தால், ஒவ்வொரு வரிக்கும் தனிப் பட்டை வரும். 'அக்ரிகேட்' பெட்டியை டிக் செய்தால் அவை ஒன்றாகத் திரளும். கூட்டலா, சராசரியா, எண்ணிக்கையா என்பதை 'சீரிஸ்' பக்கத்திலேயே தேர்ந்தெடுக்கலாம். திரட்டிய பிறகும் ஒரு பெயர் இரண்டு முறை வருகிறதென்றால் எழுத்தில் வேறுபாடு இருக்கிறது. தமிழில் இது கண்ணுக்கே தெரியாமல் நடக்கும். 'பௌதிகம்' என்பதில் ஔகாரக் குறி இருக்கலாம். இன்னொருவர் எகரக் கொம்பையும் ளகரத்தையும் அடுத்தடுத்து அடித்து 'பெளதிகம்' என்று எழுதியிருக்கலாம். திரையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்று, கணினிக்கு வெவ்வேறு சொற்கள். ஓரத்து இடைவெளிகளை 'ட்ரிம்' சார்பு நீக்கிவிடும், இதை நீக்காது. பலர் சேர்ந்து நிரப்பும் அட்டவணையாக இருந்தால் பெயர் நெடுவரிசைக்கு, பட்டியலிலிருந்து மட்டுமே தேர்ந்தெடுக்க விடும் 'டிராப்டவுன்' வைத்துவிடுவதே நிரந்தரத் தீர்வு.

அடுத்தது வரிசை. பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கும் பொத்தான் சார்ட்டுக்குள் கிடையாது. அட்டவணையில் எப்படி இருக்கிறதோ அப்படியே வரும். மூலத் தரவைக் குலைக்க விருப்பமில்லையென்றால் வேறொரு தாளில் 'ஸார்ட்' சார்பால் இரண்டாவது நெடுவரிசையை இறங்குவரிசையில் அடுக்கி, அந்த நகலுக்குச் சார்ட் போடுங்கள். எண் மாறினால் பட்டைகளும் தாமாக இடம் மாறிக்கொள்ளும். எக்செலில் பழகியவர்கள் கவனிக்க: அங்கே படுக்கைப் பட்டையில் முதல் வரி அடியில் இருக்கும், இங்கே மேலே இருக்கும். திருப்ப வேண்டுமானால் செங்குத்து அச்சில் 'ரிவர்ஸ் ஆக்சிஸ் ஆர்டர்' இருக்கிறது.

மன்னிக்க முடியாத பிழை ஒன்று உண்டென்றால் அது பூஜ்யத்தில் தொடங்காத அளவுகோல். எண்கள் நெருக்கமாக இருந்தால் செயலி அளவுகோலைத் தானே வெட்டிவிடுவதுண்டு. 92, 94, 97 என்ற மதிப்பெண்களுக்கு அளவுகோல் 90-இல் தொடங்கினால் முதல் பட்டையின் நீளம் 2, கடைசிப் பட்டையின் நீளம் 7. பார்ப்பவருக்கு மூன்றரை மடங்கு வித்தியாசம். உண்மையில் ஐந்தரை சதவீதம்கூட இல்லை. கோட்டுப் படத்தில் சாய்வைப் பார்க்கிறோம், அங்கே வெட்டினாலும் பொறுத்துக்கொள்ளலாம். பட்டையில் நீளம்தான் செய்தி. 'கஸ்டமைஸ்' பகுதியில் எண்கள் ஓடும் அச்சைத் திறந்து (படுக்கைப் பட்டைக்குக் கிடை அச்சு, நிமிர்ந்ததற்குச் செங்குத்து அச்சு) 'மின்' பெட்டியில் 0 என்று எழுதுங்கள். 'மேக்ஸ்' காலியாக இருக்கட்டும். இரண்டு சார்ட்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடும்போது மட்டும் இரண்டுக்கும் ஒரே உச்ச எண் கொடுக்க வேண்டும். 'த்ரீடி' பெட்டியைத் தொடவே வேண்டாம்; சரிந்த பட்டையின் முனை எந்த எண்ணில் நிற்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

பட்டையின் முனையில் எண் தெரிய, 'சீரிஸ்' கீழ் 'டேட்டா லேபிள்ஸ்'. எண் போட்டாயிற்று என்றால் பின்னால் ஓடும் கட்டக்கோடுகளை எடுத்துவிடலாம். லேபிளில் தசமம் நீளமாக வந்தால் மூல செல்லின் வடிவத்தைச் சுருக்குங்கள், சார்ட்டும் அதையே எடுத்துக்கொள்ளும்.

நிறம்தான் இதில் ரொம்பவும் எரிச்சலூட்டும் பகுதி. ஒரு பட்டையை மட்டும் வேறு நிறத்தில் காட்ட, 'ஃபார்மேட் டேட்டா பாயிண்ட்' மூலம் அதற்குத் தனி நிறம் கொடுக்கலாம். ஆனால் அந்த நிறம் ஒட்டிக்கொள்வது இடத்தோடு, பெயரோடு அல்ல. வரிசை மாறினால் மூன்றாம் இடத்துக்கு யார் வருகிறாரோ அவருக்கு அந்த நிறம். மதிப்பைப் பொறுத்துத் தானாக நிறம் மாறும் நிபந்தனை வடிவமைப்பு செல்களுக்கு உண்டு, பட்டைகளுக்கு இல்லை. மாற்றுவழி, இரண்டு துணை நெடுவரிசைகள்: முதலாவதில் 'இஃப்' சார்பு, மதிப்பு உச்சமாக இருந்தால் அந்த எண், இல்லையேல் வெற்று, இரண்டாவதில் அதற்கு நேர்மாறு. இரண்டுக்கும் இரண்டு நிறம் கொடுத்து, 'ஸ்டாக்கிங்' (பட்டைகளை ஒன்றோடொன்று அடுக்குவது) என்பதை 'ஸ்டாண்டர்ட்' ஆக்குங்கள். ஸ்டாக்கிங் இல்லாமல் விட்டால் ஒவ்வொரு பெயருக்கும் இரண்டு பட்டைக்கான இடம் ஒதுக்கப்பட்டு, எல்லாம் மெலிந்து ஓரமாக ஒதுங்கி நிற்கும்.

இப்படி ஸ்டாக்கிங் செய்த அடுக்குப் பட்டையில் நான்கு துண்டுகளுக்கு மேல் போனால் அடியில் இருப்பதைத் தவிர வேறெதையும் ஒப்பிட முடியாது. நூறு சதவீத அடுக்கு பங்கைக் காட்டும், மொத்தத்தை மறைத்துவிடும். 10 பேர் பதிலளித்த கேள்வியும் 500 பேர் பதிலளித்த கேள்வியும் ஒரே நீளத்தில் நிற்கும்.

மாதக்கணக்கில் ஓடும் கோப்புகளில் வேறு வகைக் கோளாறுகள். தரவு எல்லைக்கு நடுவில் வரி செருகினால் எல்லை விரியும். கடைசி வரிக்குக் கீழே புதிதாக எழுதினால் சார்ட்டில் சேராமல் போகலாம். ஆரம்பத்திலேயே எல்லையைப் பல நூறு வரிகள் கூடுதலாக வைத்துவிடுங்கள். கூட வேலை செய்பவர் சாதாரண ஃபில்டர் போட்டால் மறைந்த வரிகள் எல்லோருடைய சார்ட்டிலிருந்தும் போய்விடும். அதைத் தவிர்க்க, மறைத்த தரவையும் சேர்க்கச் சொல்லும் பெட்டி 'செட்டப்' பகுதியில் இருக்கிறது. கூகுள் டாக்ஸிலோ ஸ்லைட்ஸிலோ இணைத்து ஒட்டிய சார்ட் தானாகப் புதுப்பிக்கப்படாது. அதன் மேல் வரும் 'அப்டேட்' பொத்தானை அழுத்த வேண்டும். கூட்டத்துக்கு முன் இதை மறந்து பழைய எண்களைக் காட்டுவது சகஜம்.

அச்சடிக்கக் கொடுப்பதானால் சார்ட்டின் மூன்று புள்ளி மெனுவில் எஸ்விஜி என்ற கோட்டுவடிவப் படமாகப் பதிவிறக்குங்கள், எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது. அரட்டைக் குழுவுக்கு பிஎன்ஜி என்ற சாதாரணப் படக் கோப்பு போதும். கைபேசிச் செயலியில் வகை, தலைப்பு, நிறம் அளவுக்கு மாற்றலாம். மேலே சொன்ன நுணுக்கங்களுக்குக் கணினியில்தான் உட்கார வேண்டும்.

வரிக்கு ஒரு பட்டை பார்த்தால் போதும் என்ற இடத்தில் சார்ட்டே தேவையில்லை. எண்ணுக்கு அடுத்த செல்லில், செல்லுக்குள்ளேயே சிறு படம் வரையும் 'ஸ்பார்க்லைன்' சார்பு, வகை 'பார்', கூடவே ஓர் உச்ச எண். உச்ச எண்ணை எல்லா வரிக்கும் ஒன்றாகக் கொடுங்கள். கொடுக்காவிட்டால் ஒவ்வொரு செல்லும் தன் எண்ணையே உச்சமாக எடுத்துக்கொண்டு முழுதாக நிரம்பிவிடும்.