அப்பாவுக்கு வாங்கிய ஃபுட் டிராப் ஸ்பிளின்ட்: மூன்று மாதம் போட்டுப் பார்த்ததில்

குறுவைக்கு நாற்று பறிக்க ஆள் கிடைக்காமல் ரெண்டு நாள் அப்பாவே நாற்றங்காலில் குந்தி உட்கார்ந்து பறித்தார். மூன்றாம் நாள் காலையில் வலது கால் செருப்பு நழுவுகிறது, நடந்தால் பாதம் டப் டப்பென்று தரையில் அறைகிறது, விரலை மேலே தூக்கச் சொன்னால் வரவில்லை. இப்படிப் பாதம் தொங்கிப் போவதைத்தான் ஃபுட் டிராப் என்கிறார்கள். வாதம் அடித்துவிட்டது என்று தெருவே முடிவு கட்ட, அத்தை எண்ணெய் காய்ச்ச ஆரம்பித்துவிட்டார்.

தஞ்சாவூரில் காட்டிய நரம்பு டாக்டர், மூளையில் அடைப்பு வந்தால் பெரும்பாலும் கை, முகம் என்று சேர்ந்து இழுக்கும், இது அப்படியில்லை என்றார். பாதத்தை உள்பக்கம் திருப்பச் சொன்னார், திரும்பியது. வெளிப்பக்கம் வரவில்லை. இடுப்பு டிஸ்க் நரம்பை அழுத்தியிருந்தால் உள்பக்கமும் தளர்ந்திருக்குமாம். முழங்காலுக்கு வெளிப்புறம் கொஞ்சம் கீழே தடவினால் ஒரு எலும்பு முண்டு தட்டுப்படும், அதைச் சுற்றி நரம்பு தோலுக்கு அடியிலேயே ஓடுகிறது. மணிக்கணக்கில் குந்தினால் அங்கே நசுங்கிவிடும். இறுக்கிப் போட்ட மாவுக்கட்டாலும் வருமாம். சர்க்கரையும் தொழுநோயும் இதே நரம்பைக் கெடுக்கும் என்பதால் அதையும் பார்த்தார்கள், ரெண்டும் இல்லை. சின்னச் சின்ன ஷாக் வைத்துப் பார்க்கிற சோதனையில் நரம்பு அறுபடவில்லை, அழுத்தத்தில் மரத்திருக்கிறது என்று வந்தது. இது வாரக்கணக்கில், சில மாதத்தில் திரும்பும். நரம்புக்குள் இருக்கும் நாரே அறுந்திருந்தால் நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் போலத்தான் வளருமாம்.

சரி, ஸ்பிளின்ட். கும்பகோணத்தில் ஒரு சர்ஜிக்கல் கடையில் 850 ரூபாய். 'எல்' வடிவப் பிளாஸ்டிக், கெண்டைக்காலில் ஒரு பட்டை, அவ்வளவுதான். பாதம் தொங்காமல் நிமிர்த்திப் பிடிப்பது மட்டும் இதன் வேலை, அதைச் சரியாகச் செய்தது. போட்ட அன்றே இடறுவது நின்றுவிட்டது.

குறை எங்கே என்றால், இது ஷூ போடுகிறவர்களுக்காகச் செய்தது. கடைக்காரர் அளவும் எடுக்கவில்லை, இதையும் சொல்லவில்லை, எந்தக் கால் என்று மட்டும் கேட்டுவிட்டுக் கவரில் போட்டுக் கொடுத்தார். அப்பா ஜென்மத்தில் ஷூ போட்டதில்லை. செருப்புக்குள் இது நுழையாது, வீட்டுக்குள் வெறும் ஸ்பிளின்டோடு நடந்தால் மொசைக் தரையில் வழுக்குகிறது, ஒருநாள் கொல்லைப் படியில் நல்லவேளை தூணைப் பிடித்துக்கொண்டார். கடைசியில் செருப்பு தைப்பவரிடம் கொடுத்து அடியில் பழைய டயர் ரப்பர் ஒட்டி வாங்கினேன். உருப்படியான மாற்றம் அதுதான்! வேர்வையில் குதிகால் சிவந்து புண் வரப் பார்த்தது. உள்ளே மெல்லிய காட்டன் சாக்ஸ் போட்டு, கழற்றும்போதெல்லாம் தோலைப் பார்த்துவிட வேண்டும், காலின் வெளிப்பக்கமும் பாதத்தின் மேல்பக்கமும் மரத்திருப்பதால் அங்கே உரசினால் அவருக்கு வலி தெரியாது. வெல்க்ரோவில் வைக்கோல் தூசி ஏறி ஒரே மாதத்தில் பிடிப்பு போய்விட்டது.

ஐந்துக்கு மூன்று தருவேன். கடைக்கு ஒன்று. கூடவே பிசியோ பயிற்சி செய்யாமல் இதை மட்டும் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் கணுக்கால் இறுகிவிடும்.

இப்போது பெருவிரல் தூக்குகிறார், ஸ்பிளின்ட் திண்ணை ஆணியில் தொங்குகிறது. சம்பா நாற்றுக்கும் ஆள் வராது என்று அவருக்குத் தெரியும் போல, தச்சு ஆசாரியிடம் உயரமாக ஒரு முக்காலி கேட்டிருக்கிறார்.