படுவான்கரைப் போன்களை மொஸ்கிட்டோ 2க்குக் கொண்டுபோக எது நல்ல வழி?

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைப் பக்கம் பால் சேகரிக்கும் அக்கா ஒருவர் விடிய ஐந்தரைக்கு லீற்றர் கணக்கைப் போனில் பதிவார். அது எம்கியூடிடி (கருவிகள் சிறு மெசேஜ்களைப் பரிமாறும் முறை) வழியாக மட்டக்களப்பு நகரில் இருக்கும் எங்கள் சேர்வருக்கு வரும். அன்றைய விலையும் பவுசர் வரும் நேரமும் அதே வழியில் அவருக்குப் போகும். இப்படி நூற்றுச் சொச்சம் போன்கள். நடுவில் நின்று தபாற்கந்தோர் வேலை பார்த்தது மொஸ்கிட்டோ 1.6 என்ற புரோக்கர் மென்பொருள். அடுத்த பெரிய பதிப்பான 2.0, 2020 டிசம்பரில் வந்துவிட்டது. நாங்கள் பிந்தித்தான் மாறினோம், அதுவும் இரண்டு தரம்.

முதல் தரம் இருந்த இடத்திலேயே மாற்றினோம். இரவில் பழையதை நிறுத்தி, அதே மெஷினில் புதியதை ஏற்றுவது. இதற்கு ஒரு பெரிய பலம் உண்டு. முகவரி மாறாது, போனைத் தொடத் தேவையில்லை. பழைய சேமிப்புக் கோப்பைப் புதியது வாசித்துக்கொள்வதால், சிக்னல் இல்லாமல் கிடக்கும் போன்களுக்காகக் காத்திருக்கும் மெசேஜ்களும் அப்படியே இருக்கும்.

ஆனால் 2.0இன் குணம் வேறு. கொன்ஃபிக்கில் லிஸனர் (எந்த வாசலில் இணைப்பை ஏற்பது என்ற வரி) எழுதாவிட்டால் அதே மெஷினில் இருந்து வரும் இணைப்பை மட்டுமே ஏற்கும். லிஸனர் எழுதினாலும், பெயர் சொல்லாமல் வருபவரை நீங்கள் வெளிப்படையாக அனுமதிக்காதவரை திருப்பி அனுப்பிவிடும். இவ்விரண்டையும் படித்து வைத்திருந்தோம். இரவில் குறியாக்கம் இல்லாத 1883ஆம் போர்ட்டில் சோதித்தோம், சரியாக ஓடியது. விடியப்புறம் டிஎல்எஸ் குறியாக்கம் உள்ள 8883ஐச் சேர்த்துத் திறந்தால் சேவை எழும்பவே இல்லை. 2.0, ரூட் (மெஷினின் முழு அதிகார) உரிமையைக் கைவிட்ட பிறகுதான் டிஎல்எஸ் சான்றிதழைத் திறக்கிறது. எங்கள் சாவிக் கோப்போ ரூட் மட்டும் வாசிக்கக்கூடியதாக இருந்தது. லொக்கில் அந்த ஒரு வரியைக் கண்டுபிடிக்க முன்பே அக்காவின் அழைப்பு வந்துவிட்டது: “மனே, போன்ல ஒண்டும் வருகுதில்ல. பாலை ஊத்தவா, வெச்சிருக்கவா?” அன்றே 1.6க்குத் திரும்பினோம். முதல் நாள் எடுத்து வைத்த கோப்புப் பிரதிதான் கைகொடுத்தது. திறந்த உடனே எல்லாப் போனும் ஒரே நேரத்தில் முட்டியடித்து இணைய, சேர்வர் மூச்சுத் திணறியது. எந்த வழியில் போனாலும் முதலில் அப்பில் மறுமுயற்சி இடைவெளியைக் கூட்டிக்கூட்டிப் போகவும், போனுக்குப் போன் மாறவும் வையுங்கள்.

இரண்டாம் தரம், புதியதை வேறு மெஷினில் எழுப்பி, பழையதோடு பிரிட்ஜ் போட்டோம், அதாவது இரண்டு புரோக்கரும் மெசேஜ்களைத் தமக்குள் கடத்த ஓர் இணைப்பு. பால் தொடர்பான தலைப்புகளில் வரும் மெசேஜ்கள் இரு பக்கமும் ஓடும். போன் எந்தப் பக்கம் இருந்தாலும் அலுவலகத்துக்குக் கணக்கு வரும். சிக்னல் நன்றாக உள்ள கல்லடி, காத்தான்குடி முதலில். படுவான்கரை கடைசியில். ஒரு ஊரில் பிழைத்தால் அந்த ஊரை மட்டும் பழைய முகவரிக்குத் திருப்பினால் போதும். இந்த நிம்மதிக்காகவே இரண்டு மெஷின் வாடகை கொடுக்கலாம்.

இதிலும் இரண்டு பொறி உண்டு. பிரிட்ஜ் மெசேஜைக் கடத்தும், செஷனைக் (ஒவ்வொரு போனுக்கும் புரோக்கர் வைத்திருக்கும் சந்தா, காத்திருப்புக் கணக்கை) கடத்தாது. இரண்டு நாள் சிக்னல் இல்லாத போனுக்கான மெசேஜ்கள் பழைய புரோக்கரிலேயே கிடக்கும். போன் நேரே புதியதற்குப் போனால் அவை போனதுதான். ஆகவே அப் முதலில் பழையதோடு இணைந்து, மிச்சத்தை இறக்கி, ஒழுங்காக விடைபெற்ற பிறகே புதியதற்குப் போகும்படி எழுதினோம்.

அந்த “ஒழுங்காக” என்ற சொல் முக்கியம். விடைபெறாமல் இணைப்பு சத்தமில்லாமல் அறுந்தால், கீப்அலைவ் நேரத்தின் (போன் பேசாமல் இருக்கக்கூடிய அதிகபட்ச இடைவெளி) ஒன்றரை மடங்கு காத்திருந்து பழைய புரோக்கர் அந்தப் போனின் லாஸ்ட் வில்லை, அதாவது போன் அறுந்தால் வெளியிடும்படி முன்பே கொடுத்துவைத்த மெசேஜை, வெளியிடும். எங்களுக்குக் கீப்அலைவ் 60 செக்கன். போன் புதியதில் பச்சையாக நிற்க, 90 செக்கன் கழித்துப் பழையதில் இருந்து “அறுந்துவிட்டது” என்று பிரிட்ஜ் வழியே வந்து அலுவலகத் திரையைச் சிவப்பாக்கும். இதைத் தேடி இரண்டு நாள் அலைந்தோம்.

2019இல் தரமான எம்கியூடிடி 5இல் “சேர்வர் இடம் மாறிவிட்டது” என்று புரோக்கரே சொல்லும் குறியீடு இருக்கிறது. அழகான யோசனை. ஆனால் அதைக் கேட்டு நடக்கவேண்டிய கட்டாயம் கிளையன்ட்டுக்கு இல்லை. எங்கள் அப்பின் நூலகமோ முந்தைய பதிப்பான எம்கியூடிடி 3.1.1 மட்டுமே பேசும். மொஸ்கிட்டோ 2.0 அந்தப் பழைய பேச்சையும் ஏற்பதால் புரோக்கரையும் அப்பின் நூலகத்தையும் ஒன்றாக மாற்றப் போகாதீர்கள்.

நகருக்குள் வயர் இணைப்பில் நிற்கும் குளிரூட்டித் தொட்டிக் கருவிகள் மட்டும்தான் என்றால் முதல் வழியே போதும், சாவிக் கோப்பின் உரிமையைப் பார்த்துக்கொண்டால் சரி. ஊர் ஊராக நடமாடும் போன்களுக்கு இரண்டாவதைத்தான் சொல்வேன். மாரி மழைக்குள் இரண்டுமே வேண்டாம். வெள்ளம் வந்தால் போன்கள் நாட்கணக்கில் அடங்கிவிடும்.

பழையதை நிறுத்தும் நாளைக் கலண்டர் பார்த்துக் குறிக்கவில்லை. வவுணதீவுக்கு அப்பால் ஒரு போன் மட்டும் பதினொரு நாள் வரவில்லை. பன்னிரண்டாம் நாள் விடிய வந்து, காத்திருந்த விலைகளை எல்லாம் இறக்கிக்கொண்டு புதியதற்குப் போனது. அன்றிரவு நிறுத்தினோம்.