‘பத்தான்’, ‘கோல்பெர்க்’: இன்று எதைப் பார்ப்பது?

இரண்டுமே இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் வந்த, தோல்வி நெருங்கும்போது கடைசிவரை நின்று போராடச் சொல்லும் பிரசாரப் படங்கள். ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் ‘பத்தான்’ பாருங்கள்.

1943இல் ஹாலிவுட்டின் எம்ஜிஎம் நிறுவனம் எடுத்தது. பிலிப்பைன்ஸின் பத்தான் தீபகற்பத்தில் ஜப்பானியரை ஒரு பாலத்தருகே தடுத்து நிறுத்த 13 பேர் நிற்கிறார்கள். ஒவ்வொருவராகச் சாகிறார்கள். கடைசியில் மிஞ்சும் நாயகன் ராபர்ட் டெய்லர், தனக்காகத் தோண்டிய சவக்குழிக்குள் நின்றபடி நேராகக் கேமராவை நோக்கிச் சுட்டுக்கொண்டே இருக்கிறார். படம் அங்கேயே முடிகிறது. அமெரிக்க ராணுவம் கறுப்பின வீரர்களைத் தனிப் படைகளில் ஒதுக்கி வைத்திருந்த காலத்தில், வெள்ளையரோடு சரிசமமாகக் கறுப்பின நடிகர் கென்னத் ஸ்பென்சரை நிறுத்தியது துணிச்சல்தான். ஆனால் ஜப்பானியரைப் பற்றிய வசைகள் காது கூசுகின்றன. உண்மையில் அங்கே போராடியவர்களில் பெரும்பாலோர் பிலிப்பினோக்கள். படத்திலோ அவர்கள் ஓரிருவர்தான்.

‘கோல்பெர்க்’ வேறு ரகம். ஹிட்லரின் பிரசார அமைச்சர் கோயபல்ஸ் உத்தரவில் இயக்குநர் ஃபைட் ஹார்லான் எடுத்த பிரமாண்டமான வண்ணப்படம். 1807இல் நெப்போலியன் படையை எதிர்த்து நின்ற கோல்பெர்க் என்ற பிரஷ்ய ஊரின் கதை. அந்த முற்றுகை ஓய்ந்ததே பிரான்ஸும் பிரஷ்யாவும் செய்துகொண்ட டில்சிட் சமாதானத்தால்தான். படமோ ஊர்மக்களைச் சாகத் தயாராகச் சொல்கிறது. 1945 ஜனவரி 30 அன்று வெளியானது; மார்ச்சில் அதே கோல்பெர்க் சோவியத், போலந்துப் படைகளிடம் வீழ்ந்தது. ஜெர்மனியில் இதை முன்னுரையும் விவாதமும் இல்லாமல் திரையிட அனுமதிப்பதில்லை. அது சரியான ஏற்பாடு. வரலாறு தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் மட்டும் பாருங்கள்.