திருவொற்றியூர் மணலுக்குப் புன்னையா, பூவரசா, புங்கனா?

நர்சரிகளில் இப்போது ‘நாட்டுச் செடி’ என்ற அட்டையை அடிக்கடி பார்க்க முடிகிறது. சென்ற ஆண்டு நான் போன ஒரு நர்சரியில் அந்த அட்டை நித்தியகல்யாணிப் பைகளின் மேல் செருகப்பட்டிருந்தது. மடகாஸ்கர் தீவிலிருந்து வந்த செடி அது. வேலியோரமெல்லாம் தானே முளைப்பதால் நம் ஊர்ச் செடி என்றே பலரும் நினைக்கிறார்கள். விற்றவரும் ஏமாற்றும் எண்ணத்தில் வைத்திருக்க மாட்டார். ஆனால் வடசென்னையில் செடி வாங்கப் போகிறவர், நாட்டுச் செடியா அயல்செடியா என்பதற்கு முன்பாகக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் வேறு இரண்டு உண்டு என்பது என் அனுபவம்: கடல் எவ்வளவு தொலைவில் இருக்கிறது, ஊற்றப்போகும் தண்ணீர் எது?

எங்கள் வீடு திருவொற்றியூரில், எண்ணூர் நெடுஞ்சாலைக்குக் கிழக்கே, கடலுக்கு நடந்தே போகும் தொலைவில் இருக்கிறது. என் அக்கா வீடு மாதவரத்தில், கடலிலிருந்து உள்ளே தள்ளி, களி கலந்த மண்ணில் இருக்கிறது. ஒரே நாளில் ஒரே இடத்தில் வாங்கிய கன்றுகளை இரண்டு வீடுகளிலும் பிரித்து நட்டு வந்ததில், அங்கே வென்றது இங்கே தோற்பதையும் இங்கே வென்றது அங்கே மந்தமாக நிற்பதையும் பலமுறை பார்த்துவிட்டேன். பின்வரும் ஒப்பீடு அந்த இரண்டு மண்ணையும் வைத்துத்தான்.

எங்கள் பக்கத்து உப்புக்கு ஒரு வரலாறு உண்டு. சென்னைத் துறைமுகத்தின் தடுப்புச் சுவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழும்பிய பிறகு, தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகரும் கடல்மணல் அவற்றின் தென்புறத்தில் தேங்கி மெரினாவை அகலமாக்கியது. வடபுறத்துக் கரையோ மணல் வரத்தின்றி அரிக்கப்பட்டு, இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை பல இடங்களில் கருங்கல் கொட்டித்தான் காக்கப்படுகிறது. மணல்வெளி இல்லாத கரையில் அலை நேரே கல்லில் மோதித் தெறிக்கிறது. அந்தத் திவலை காற்றோடு வந்து ஜன்னல் கம்பியைத் துருப்பிடிக்க வைப்பது போலவே இலைகளையும் கருக்குகிறது. எங்கள் வீட்டு வேம்பின் கிழக்குப் பாதி, சீவி விட்டது போல மொட்டையாகவும், மேற்குப் பாதி தழைத்தும் நிற்பதற்கு அதுதான் காரணம்.

வாசல் மரத்துக்கு முதல் போட்டி புன்னைக்கும் பூவரசுக்கும். இரண்டுமே கடலோரத்துக்குப் பிறந்தவை. புன்னையின் இலை தடித்து, மெழுகு பூசினாற்போல் பளபளத்து, நடுநரம்பிலிருந்து மயிரிழை நெருக்கத்தில் ஓடும் பக்க நரம்புகளோடு இருக்கும். மார்கழிக் காலையில் அந்த இலையை விரலால் வழித்து நாக்கில் வைத்தால் கரிக்கும். வழித்த இடத்திலோ ஒரு வடுவும் இருக்காது. உப்பு அதன் மேல் தங்குகிறதே தவிர உள்ளே போய்ச் சுடுவதில்லை. ஆண்டு முழுவதும் பசுமையாக நிற்கும். வெள்ளை இதழும் மஞ்சள் மகரந்தமும் கொண்ட பூ, நல்ல மணம். நெய்தல் நிலத்தைப் பாடியவர்கள் இந்த மரத்தை விட்டு அகலாததில் வியப்பில்லை.

ஆனால் புன்னைக்குப் பொறுமை வேண்டும். நான் நட்ட கன்று ஐந்து ஆண்டுகளில் என் உயரத்தின் ஒன்றரை மடங்கைத்தான் எட்டியிருக்கிறது. வயதானால் தலை அகன்று விரியும் என்பதால், மின்கம்பிக்கு அடியிலோ இருபது அடி அகல மனையின் மூலையிலோ அதை நடுவது, மின்வாரிய ஊழியர் ஆண்டுதோறும் வெட்டிப்போடுவதற்காக ஒரு மரத்தை வளர்ப்பதாகவே முடியும். காய்க்கத் தொடங்கினால் இரவில் வௌவால்கள் வரும். காலையில் தோல் கொறிக்கப்பட்ட காய்கள் வாசலில் உருண்டு கிடக்கும். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை, பெருக்குகிறவருக்குத் தெரியலாம்.

பூவரசு அவசரக்காரர்களின் மரம். கை மணிக்கட்டுப் பருமனுள்ள போத்து ஒன்றை, அதாவது வெட்டிய கிளைத் துண்டை, ஐப்பசி மழையில் ஊன்றினால் பெரும்பாலும் வேர் பிடித்துவிடும். கன்று வாங்கும் செலவே இல்லை. எங்கள் தெருவில் அப்படி ஊன்றிய ஒன்று மூன்றாம் ஆண்டில் முதல் மாடி ஜன்னலுக்கு நிழல் கொடுத்தது. காலையில் மஞ்சளாக, அடியில் செங்கருமைப் பொட்டோடு விரியும் பூ, மாலைக்குள் செந்நிறமாகி வாடும். இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதாத குழந்தைப் பருவம் எங்கள் தலைமுறையில் யாருக்கும் இல்லை. குறை என்றால், கிளைகள் கோணலாகப் போகும், கவாத்து செய்துகொண்டே இருக்க வேண்டும், காய் முற்றும் பருவத்தில் சிவப்பு நிறப் பருத்திப் பூச்சிகள் அடிமரத்தில் கூட்டம் கூட்டமாக மொய்க்கும். அவை கடிக்காது; பார்க்கத்தான் அருவருப்பு.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்தபோது இந்தப் பூவரசு இரண்டு பெருங்கிளைகளை இழந்தது. தை பிறப்பதற்குள் முறிந்த இடத்துக்குக் கீழே மொட்டு விட்டது. எதிர் வரிசையில் நின்ற மயிற்கொன்றை நடைபாதைக் கல்லையும் பெயர்த்துக்கொண்டு சாய்ந்தது. அதுவும் மடகாஸ்கரிலிருந்து வந்ததுதான். மே மாதத்தில் அதன் சிவப்புக்கு ஈடு இல்லை என்றாலும், மேலோட்டமாகப் படரும் வேரும் எளிதில் முறியும் கட்டையும் உடைய மரத்தைப் புயல் வரும் கரையில் வீட்டுக்குப் பத்தடியில் நட நான் துணிய மாட்டேன். இடம் இருந்தால் புன்னை, இடம் குறைவு, நிழல் உடனே வேண்டும் என்றால் பூவரசு என்பதே எண்ணூர் நெடுஞ்சாலைக்குக் கிழக்கே உள்ளவர்களுக்கு என் பரிந்துரை.

மாதவரத்தில் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. அக்கா வீட்டுப் புன்னை செத்துவிடவில்லை, வளரவும் இல்லை. அங்கே முந்தியது புங்கன். மாசியில் இலை கொட்டி, இரண்டு வாரத்துக்குள் செம்பு நிறத் தளிர் விட்டு, வெயில் ஏறும் நேரத்தில் சரியாக அடர்ந்துவிடும் மரம் அது. வேர்முடிச்சுகளால் மண்ணில் தழைச்சத்தையும் சேர்க்கிறது. இலையில் கொப்புளம் கொப்புளமாக வருவதைக் கண்டு அக்கா மருந்தடிக்கப் போனார். நுண்ணிய சிலந்திப்பேன்கள் உண்டாக்கும் முடிச்சுகள் அவை, மரத்துக்குப் பெரிய கேடு இல்லை என்று சொல்லித் தடுத்தேன். கடலோரத்தில் புங்கன் வளரவே வளராது என்பது தவறு, கழிமுகக் கரைகளில் இயல்பாகவே நிற்கிறது. ஆனால் திவலை நேரே அடிக்கும் எங்கள் முன்வரிசையில் அது புன்னை அளவுக்கு நிமிரவில்லை.

மகிழத்தைச் சொல்லாமல் திருவொற்றியூர்க்காரன் மர விவரத்தை முடிக்க முடியாது. சுந்தரர் சங்கிலியாருக்குச் சத்தியம் செய்தது இங்கே தியாகராசர் கோயில் மகிழ மரத்தடியில்தான். மாசித் திருவிழாவில் அதை நினைவுகூரும் மகிழடி சேவை இன்றும் நடக்கிறது. அடக்கமான மரம், காய்ந்தும் மணக்கும் பூ, அகலம் குறைந்த தெருவுக்கு ஏற்றது. வளர்ச்சியில் மட்டும் புன்னையையே வேகமாகக் காட்டிவிடும்.

வேலிக்கு வந்தால், நொச்சிக்கும் காகிதப்பூவுக்கும் இடையே நான் எதிர்பார்த்த அளவு எளிதாக முடிவு கிடைக்கவில்லை. நீர்வழிகளை ஒட்டிய வீடுகளுக்குக் கொசுவை விரட்டவென்று மாநகராட்சி ஒரு காலத்தில் நொச்சிக் கன்று வழங்கியது. சும்மா நிற்கும் நொச்சி கொசுவை விரட்டியதாக எங்கள் வாசலில் நான் காணவில்லை. காய்ந்த இலையைப் புகை போட்டால் சிறிது நேரம் பலன் உண்டு, சளிக்கு வேது பிடிக்கவும் கைக்கெட்டும் தூரத்தில் இலை இருக்கிறது. வெட்ட வெட்டத் தழைக்கும், நீல ஊதாப் பூங்கொத்தில் தேனீ நாள் முழுக்க நிற்கும். காகிதப்பூ பிரேசில் பக்கத்துக் கொடி. அதன் நிறமெல்லாம் பூவடிச் செதில்தான், உள்ளே இருக்கும் பூ சுண்டுவிரல் நகம் அளவுகூட இல்லை. ஆயினும் மணலி சாலையில் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதியிலும், தண்ணீர் ஊற்ற மறந்த மாடித் தொட்டியிலும் அது பூத்துத் தள்ளுவதை மறுப்பது நேர்மையாகாது. தரையில் நொச்சி, மொட்டை மாடியில் காகிதப்பூ என்று நான் சமரசம் செய்துகொண்டேன். ‘ஆறே மாதத்தில் பச்சைச் சுவர்’ என்று சொல்லி விற்கப்படும் கோனோகார்பஸ் என்ற வேலி மரத்தை மட்டும் எந்தப் பக்கமும் சேர்க்க வேண்டாம். அதன் வேர் குழாய்களைத் தேடிப் போகிறது, மகரந்தம் ஒவ்வாமை தருகிறது என்ற புகார்களுக்குப் பிறகு குஜராத் அரசு 2023இல் அதை நடத் தடை விதித்தது.

தொட்டிச் செடியில்தான் ‘நாட்டுச் செடி’ என்ற சொல்லை மட்டும் நம்பியதற்கு நான் விலை கொடுத்தேன். இட்லிப்பூ என்று நாம் வாங்குவது வெட்சி. ஆநிரை கவரப் போனவர்கள் சூடிய பூ. தென்னிந்தியாவுக்கு உரிய செடி, ஆகவே பிழைக்கும் என்று ஆறு தொட்டி வைத்தேன். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றிய ஒரே கோடையில், நரம்பு மட்டும் பச்சையாகவும் மற்ற இடமெல்லாம் எலுமிச்சை மஞ்சளாகவும் இலைகள் மாறின. வெட்சிக்குப் புளிப்பு மண் வேண்டும்; காரத்தன்மையுள்ள நீர் பாய்ந்த மண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. மழைநீரைத் தொட்டியில் பிடித்து ஊற்றத் தொடங்கிய பிறகு நான்கு மீண்டன.

அதே வெயிலில், யாரும் நடாத எருக்கு ஒன்று மதில் வெடிப்பில் தழைத்து நின்றது. வடசென்னையில் உள்ள எருக்கஞ்சேரியின் பெயரில் இருப்பது இந்தச் செடிதான் என்று நினைக்கிறேன். கிளை நுனியில் மஞ்சள் அசுவினிப் பூச்சி ஒட்டிக்கொண்டிருக்கும். இலையடியில் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வரிகளும் முதுகில் மூன்று இணைக் கறுப்புக் கொம்புகளும் கொண்ட புழுவைக் கண்டால் நசுக்கிவிட வேண்டாம், அது வெந்தய வரியன் பட்டாம்பூச்சி ஆகப்போவது. பால் கண்ணில் பட்டால் ஆபத்து என்பதால் சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் நான் எருக்கைச் சொல்ல மாட்டேன்.

தரைக்குக் கொரியன் புல்லா, பொடுதலையா என்றால் அதிகம் யோசிக்கத் தேவையில்லை. புல்லுக்குத் தண்ணீரும் கத்தரிப்பும் ஓயாது; பொடுதலை உவர்மண்ணிலும் படர்ந்து, மிதித்தாலும் மீண்டு, குட்டிப் பூக்களுக்குத் தேனீயையும் அழைத்துக்கொள்கிறது.

புன்னையை விதையிலிருந்து வளர்க்க நினைப்பவர்கள் மரத்தடியில் உதிர்ந்த முற்றிய காய்களைப் பொறுக்கி, தோலை நீக்கிக் காயவைத்து, உள்ளே இருக்கும் கெட்டி ஓட்டைப் பருப்பு சிதையாமல் தட்டி உடைத்துவிட்டு விதைக்க வேண்டும். ஓடு நீக்கியது சுமார் மூன்று வாரத்தில் முளைக்கும், ஓட்டோடு போட்டது இரண்டு மாதம்கூட எடுத்துக்கொள்ளும். இந்தப் புரட்டாசியில் நான் ஓடு நீக்கிப் போட்ட பன்னிரண்டில் ஒன்பது முளைத்திருக்கின்றன; அவற்றில் ஒன்றுகூட மாதவரத்துக்குப் போகப்போவதில்லை.