முதலிடம் மெட்ராஸுக்கு, முதல் ரேங்க் பாம்பேவுக்கு

அக்கா மகனுக்கு ஐஐடி நுழைவுத் தேர்வான ஜேஇஇ அட்வான்ஸ்டில் இரண்டாயிரத்துச் சொச்சம் ரேங்க் வந்தது. ஐஐடி இடங்களைப் பிரித்துக் கொடுக்கும் ஜோசா கவுன்சிலிங்குக்கு விருப்பப் பட்டியல் போட லேப்டாப்பைத் திறந்ததுமே வீட்டில் இரண்டு கட்சி.

"என்ஐஆர்எஃப்ல வருஷா வருஷம் நம்ம மெட்ராஸ் ஐஐடிதான் ஃபர்ஸ்ட். தாம்பரத்துல இருந்துக்கிட்டு எதுக்குடா பாம்பே ஐஐடிக்குப் பவாய் வரைக்கும் போகணும்?" என்றார் அத்தான்.

"டாப் ரேங்க் எடுக்கிறவன் எவனாவது மெட்ராஸை முதல்ல போடுறானா? மாமா, நீங்களே சொல்லுங்க" என்றான் பையன்.

நடுவர் வேலை என் தலையில் விழுந்தது. இரண்டு பேர் சொல்வதும் உண்மை என்பதுதான் இதில் சிக்கல்.

முதலில் அத்தான் கட்சி. மத்தியக் கல்வி அமைச்சகத்தின் தரவரிசைப் பட்டியலான என்ஐஆர்எஃப் 2016-இல் தொடங்கியது. அன்றிலிருந்து 2025 வரை பொறியியலில் மெட்ராஸ் முதலிடத்தை ஒரு முறைகூட விட்டுக்கொடுக்கவில்லை. எல்லா வகைக் கல்வி நிறுவனங்களையும் சேர்த்துப் போடும் ஒட்டுமொத்தப் பட்டியலிலும் 2019 முதல் அதுவே முதல். பாம்பே 2025-இல் இரண்டிலும் மூன்றாவது.

பையன் கட்சிக்கும் கணக்கு இருக்கிறது. பாம்பே கம்ப்யூட்டர் சயின்ஸில் பொதுப்பிரிவு இடங்கள் அகில இந்திய அளவில் 70-ஆவது ரேங்க்குக்குள்ளேயே தீர்ந்துவிடுகின்றன. சில ஆண்டுகளாகவே இதே கதைதான். அடுத்து டெல்லி, நூற்றுச் சொச்சத்தில் முடியும். மெட்ராஸ் அதற்கும் பிறகுதான். நாட்டிலேயே முதல் என்று அரசு சொல்லும் இடத்தை, நாட்டிலேயே முதலாக வந்த பிள்ளைகள் மூன்றாவதாகப் போடுகிறார்கள்.

ஏன் இப்படி? என்ஐஆர்எஃப் எதற்கு மார்க் போடுகிறது என்று பார்த்தால் பாதி புரியும். நூறில் 30 கற்பித்தலுக்கும் வசதிகளுக்கும், 30 ஆராய்ச்சிக்கு, 20 தேர்ச்சிக்கும் வேலைக்கும். யார் யாருக்கெல்லாம் இடம் கொடுக்கிறார்கள் என்பதற்குப் பத்து, வெளியே இருக்கும் நல்ல பெயருக்குப் பத்து. கற்பித்தலுக்கான முப்பதிலும்கூட பிஎச்டி மாணவர் எண்ணிக்கை, செலவழிக்கும் பணம் எல்லாம் அடக்கம். பிளஸ் டூ முடித்த பையன் பேட்டன்ட் எத்தனை என்றா பார்க்கப் போகிறான்? போன வருஷம் தன் கோச்சிங் சென்டரில் முதலாக வந்தவன் எங்கே சேர்ந்தான் என்று பார்க்கிறான். அவனும் அதற்கு முந்தைய வருஷத்துப் பையனைப் பார்த்தவன்தான்.

இதை வெறும் மந்தைக் குணம் என்று தள்ளிவிடவும் முடியாது. கெட்டிக்காரப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் குவிந்தால், அந்தக் குவியலே ஒரு வசதி. கம்பெனிகளும் அங்கேதான் முதலில் வந்து நிற்கும். ஆனால் மந்தை திசை மாறும் என்பதையும் மறக்கக் கூடாது. இந்தியாவில் கம்ப்யூட்டர் சயின்ஸை முதலில் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியது கான்பூர் ஐஐடி. ஒரு காலத்தில் கம்ப்யூட்டர் என்றாலே கான்பூர்தான்.

சரி, உலகத் தரவரிசை? அதைப் பார்த்துத்தான் எனக்குச் சிரிப்பு வந்தது. க்யூஎஸ் பட்டியலின் 2023 பதிப்பில் மெட்ராஸ் 250, பாம்பே 172. அடுத்த பதிப்பில் மதிப்பெண் போடும் முறையை மாற்றினார்கள். மெட்ராஸ் 285-க்கு இறங்கியது, பாம்பே 149-க்கு ஏறியது. அதற்கடுத்து மெட்ராஸ் 227, பாம்பே 118. 2026 பதிப்பில் மெட்ராஸ் 180-க்கு வந்துவிட்டது, பாம்பே 129-க்குச் சறுக்கியது, டெல்லி 123-இல் இரண்டையும் தாண்டி உட்கார்ந்திருக்கிறது. இந்த நாலு வருஷத்தில் கிண்டியிலும் பவாயிலும் பாடம் எடுத்தவர்கள் பெரும்பாலும் அதே ஆட்கள்தான். வெளிநாட்டு மாணவர் எத்தனை பேர், வெளிநாட்டு ஆசிரியர் எத்தனை பேர் என்பதற்கெல்லாம் க்யூஎஸ்ஸில் மார்க் உண்டு. அதில் எந்த ஐஐடியும் தேறாது. இன்னொரு உலகப் பட்டியலான டைம்ஸ் ஹையர் எஜுகேஷனை 2020-இல் ஏழு பழைய ஐஐடிகள் புறக்கணித்தன, கணக்கு வெளிப்படையாக இல்லை என்று. அந்த விஷயத்தில் மட்டும் மெட்ராஸும் பாம்பேவும் ஒரே கட்சி.

பூர்வீகத்தில்கூட இரண்டும் எதிரெதிர். 1958-இல் தொடங்கிய பாம்பேவுக்கு யுனெஸ்கோ வழியாக சோவியத் உதவி வந்தது. 1959-இல் தொடங்கிய மெட்ராஸுக்கு மேற்கு ஜெர்மனி. பனிப்போரின் இரண்டு பக்கமும் நம் ஊரில் ஆளுக்கொரு பட்டறை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். இன்றைக்கு அந்தப் போட்டி பழைய மாணவர்களின் செக் புத்தகத்துக்கு வந்திருக்கிறது: 2023-இல் பாம்பேவுக்கு நந்தன் நிலேகணி 315 கோடி, 2024-இல் மெட்ராஸுக்கு கிருஷ்ணா சிவுகுலா 228 கோடி.

கலைவிழாக்களில் பாம்பேயின் மூட் இண்டிகோவா மெட்ராஸின் சாரங்கா என்று கேட்டால் நான் பதில் சொல்ல மாட்டேன். இரண்டு பக்கமும் அடிக்க வருவார்கள். வளாகம் என்றால் என் ஓட்டு மெட்ராஸுக்கு. ஹாஸ்டல் வாசலில் சாய்த்து வைத்த சைக்கிள்களுக்கு நடுவே புள்ளிமான் ஒன்று யாரையும் லட்சியம் செய்யாமல் நடந்து போனதை நின்று பார்த்திருக்கிறேன். அறை ஜன்னலைத் திறந்து போட்டால் குரங்கு வரும் என்பது தனிக் கதை. பாம்பேக்காரர்கள் ஏரியைக் காட்டுவார்கள், சில சமயம் சிறுத்தையும் வரும் என்று பெருமையாகச் சொல்வார்கள். அது பெருமையா என்று எனக்குப் புரிந்ததில்லை.

இவ்வளவு பேசியும் பையனுக்கு உதவவில்லை. இரண்டாயிரத்துச் சொச்சத்துக்கு மெட்ராஸிலும் பாம்பேவிலும் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடையாது. அவன் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தவை இரண்டு: மெட்ராஸில் மெக்கானிக்கல், பாம்பேவில் கெமிக்கல். "உள்ளே போய்ட்டு பிராஞ்ச் மாத்திக்கலாம் மாமா" என்றான். அந்தக் கதவைச் சில ஐஐடிகள் சாத்திவிட்டன. அந்த வருஷத்து விதியைப் படிக்காமல் அதை நம்பிப் போகக் கூடாது.

"உனக்குக் கெமிக்கல் பிடிக்குமா?" என்று கேட்டேன். பதில் இல்லை. எட்டாம் வகுப்பில் பழைய மிக்ஸி மோட்டாரைப் பிரித்துப் போட்டு அக்காவிடம் அடி வாங்கியவன் அவன். மெக்கானிக்கல் என்று வந்துவிட்டால் மெட்ராஸ் பக்கம் தட்டு தாழ்கிறது என்பது என் கணிப்பு. ஏத்தர் ஸ்கூட்டரைத் தொடங்கிய இருவரும் அங்கே படித்தவர்கள். 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விட்ட அக்னிகுல் கம்பெனி வளர்ந்ததும் அங்கேதான். மாணவர்கள் காற்று நீக்கிய குழாய்க்குள் பாயும் ஹைப்பர்லூப் வண்டி செய்கிறார்கள்; அதை ஓட்டிப் பார்க்க தையூரில் இருக்கும் இன்னொரு வளாகத்தில் பாதையே போட்டிருக்கிறார்கள். கெமிக்கல்தான் பிடித்திருந்தது என்றால் நான் பவாய்க்கே டிக்கெட் போடச் சொல்லியிருப்பேன்.

கடைசியில் அவன் போட்ட வரிசை: பாம்பே மெக்கானிக்கல், மெட்ராஸ் மெக்கானிக்கல், பாம்பே கெமிக்கல். முதல் சுற்றில் மெட்ராஸ் வந்தது. "இதுவே போதும், ஃப்ரீஸ் பண்ணுடா" என்று அத்தான் பின்னால் நின்று கத்திக்கொண்டிருக்கும்போதே, கிடைத்ததை வைத்துக்கொண்டு மேலே உள்ளதற்குக் காத்திருக்கும் ஃப்ளோட்டைப் பையன் அழுத்தினான். கடைசிச் சுற்று வரை பாம்பே அசைந்து கொடுக்கவில்லை.

இப்போது இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அழுக்குத் துணி மூட்டையோடு தாம்பரம் வருகிறான். "பவாய்க்குப் போயிருந்தா இதை நீயே துவைச்சிருப்ப" என்கிறாள் அக்கா, வாளியை அவன் பக்கம் தள்ளிக்கொண்டே.