வெண்கலத் திருமேனி பார்க்கக் கொழும்பா, கோணேசர் மலையா?

பிள்ளைகளுக்குப் பழைய வெண்கலச் சிலை காட்ட வேண்டும் என்றால் திருகோணமலையில் பலருக்கும் கொழும்பு நூதனசாலைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. இரவு ரயில் ஏறினால் விடியக் கொழும்புக் கோட்டை நிலையத்தில் இறங்கலாம். நல்ல யோசனைதான். ஆனால் அதற்கு முன் பார்க்க வேண்டியவை நம் ஊரிலேயே இருக்கின்றன என்பதுதான் என் கட்சி.

கொழும்பில் வாசலிலேயே ஒரு வெண்கலம் வரவேற்கும். 1877இல் நூதனசாலை திறந்தபோது ஆளுநராக இருந்த வில்லியம் கிரெகரியின் சிலை அது. வெள்ளைக் கட்டடத்துக்கு முன்னால், புல்தரையில் நிற்கிறது. படம் எடுக்க வசதியான இடம், அவ்வளவுதான். உண்மையான செல்வம் உள்ளே இருக்கிறது: பொலன்னறுவைச் சிவாலய இடிபாடுகளில் கிடைத்த நடராசர், அம்மன், நாயன்மார் திருமேனிகள். சுந்தரரையும் காரைக்கால் அம்மையாரையும் அங்கே அவசரமில்லாமல் நின்று பார்க்க வேண்டும். பட்டு இல்லை, மாலை இல்லை. இடையின் வளைவு, பூணூல், விரல் நுனி எல்லாம் தெரியும். மெழுகில் உருவம் செய்து, மண் பூசிச் சுட்டு, மெழுகு உருகி ஓடிய இடத்தில் உலோகத்தை வார்த்து, பிறகு அச்சை உடைத்து எடுப்பார்கள். அதனால் ஒன்றைப் போல் இன்னொன்று அமையாது. இதைப் பிள்ளைகளுக்கு விளக்கக் கொழும்பை விட வசதியான இடம் இலங்கையில் எனக்குத் தெரிந்து இல்லை.

நம் ஊர் மலையில் இருக்கும் கோணேசர் கோயிலில் அந்த வசதி கிடைக்காது. பட்டும் மாலையுமாகச் சாத்துப்படியோடு பார்த்தால் முகம்தான் தெரியும். சிற்பம் படிக்கிறவருக்கு இது பெரிய குறை, மறுக்க முடியாது.

ஆனாலும் நான் இங்கேதான் முதலில் அனுப்புவேன். சம்பந்தர் பாடிய இந்தத் தலத்தைப் போர்த்துக்கேயர் 1620களில் இடித்தார்கள். அந்தக் கல்லையே எடுத்துக் கோட்டை கட்டினார்கள். திருமேனிகள் மண்ணுக்குள் போயின. 1950இல் நகரசபை கிணறு வெட்டியபோது சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், அம்மன், பிள்ளையார் என்று வெளியே வந்தார்கள். கோயில் மறுபடி எழுந்து 1963இல் குடமுழுக்குக் கண்டது. மண்ணிலிருந்து எடுத்த சிலைகள் கண்ணாடிப் பெட்டிக்குப் போகாமல், பூசைக்கே திரும்பிப் போனது எவ்வளவு பெரிய காரியம்! கொழும்பில் உள்ள திருமேனிகளுக்கு எண்ணெய்க் காப்பும் இல்லை, தீபமும் இல்லை. இங்கே விழாக்காலத்தில் கோணேசர் வீதிக்கே வருகிறார்.

மலைக்குப் போகும் வழியும் இந்தக் கதையின் ஒரு பகுதிதான். கோயில் கல்லில் கட்டிய கோட்டையின் வாசலால்தான் கோயிலுக்கு ஏற வேண்டும். வாசற் கல்லில் இரட்டை மீன் சின்னத்தையும் ‘முன்னே குளக்கோட்டன்’ என்று தொடங்கும் சிதைந்த தமிழ் வரிகளையும் தேடிப் பாருங்கள். ஆட்டோவில் நேரே மேலே போகிறவர்கள் இதைத் தவற விடுகிறார்கள்.

நம் கரையோரத்து வெண்கலம் இன்னொன்று லண்டனில் இருக்கிறது. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் எங்கோ கிடைத்த, பௌத்தர்கள் வணங்கும் தாரா தேவி அது. பொன்முலாம் பூசிய, 143 சென்டிமீட்டர் உயரமான உருவம். 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்கிறார்கள். முன்னாள் ஆளுநர் பிரவுன்றிக் 1830இல் பிரித்தானிய அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். லண்டனில் உங்களுக்குச் சொந்தக்காரர் இருந்தால், போகும்போது கட்டாயம் பார்த்துவிட்டு வாருங்கள். அது இங்கே இல்லையே என்ற ஆதங்கம் எனக்குக் குறையவே இல்லை.

சரி, சுற்றுப்புறம்? சின்னப் பிள்ளைகளோடு போனால் கொழும்புதான் சுகம். பக்கத்திலேயே இயற்கை வரலாற்று நூதனசாலை, கொஞ்சம் நடந்தால் விகாரமகாதேவிப் பூங்கா, எங்கும் நிழல். இங்கே கோட்டைக்குள் மான்களும், மேலே இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவும், கீழே கடலும் உண்டு. ஆனால் ஏற்றமும் வெயிலும் முதியவர்களைக் களைக்க வைக்கும். ஒல்லாந்தர் காலக் கட்டடத்தில் இருக்கும் கடற்படை நூதனசாலையைப் பின்னேரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

கன்னியா வெந்நீர்க் கிணறுகளையும் நிலாவெளிக் கடற்கரையையும் அதே காலையில் திணிக்காதீர்கள். மத்தியானம் கோயில் நடை சாத்திவிடுவார்கள். காலைப் பூசைக்கே மலையில் இருங்கள், கொழும்பு ரயிலை அடுத்த விடுமுறைக்குப் பதிவு செய்யுங்கள்.